வாடை அடிக்குது: அன்றாடப் பேச்சின் சூழலைப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

நான் பரமக்குடிப் பக்கத்துக்காரி. பாம்பன் கரையோரத்தில் ஒரு சின்ன மருத்துவமனைக்கு நர்சாக வந்த முதல் மார்கழியில் இது நடந்தது. பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஒரு ஆத்தா, பெஞ்சில் உட்காராமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். "நெஞ்சு படபடங்குது தாயி. வாடை அடிக்குதுல்ல" என்றார். பக்கத்தில் கருவாடு காயப்போடும் வாடி இருந்தது. வந்த புதிதில் எனக்கே அந்த வாசனை தலைவலியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. "ஆமா ஆத்தா, இருங்க, ஜன்னலைச் சாத்துறேன்" என்று எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

கூட்டிப் பெருக்கும் அக்காதான் பிறகு சொன்னார். வாடை என்றால் வடக்கே இருந்து வரும் காற்று. அந்த ஆத்தாவின் மகன் விடியக்காலம் வள்ளத்தில் போனவர், பொழுது சாயப் போகிறது, இன்னும் கரைக்கு வரவில்லை. காற்று ஏறிக்கொண்டே இருந்தது. அவர் நெஞ்சு படபடத்ததற்கு அதுதான் காரணம். நான் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்! (மகன் ராத்திரி எட்டு மணிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தார். அது தெரிந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.)

வாடை எனக்குத் தெரியாத சொல் இல்லை. மார்கழி, கரையோரம், வாசலைப் பார்க்கும் ஒரு தாய் என்று அந்தச் சொல்லைச் சுற்றி நின்றதை எல்லாம் நான்தான் பார்க்கவில்லை. அவர் தெளிவாகத்தான் பேசினார். புரிந்துகொள்ளும் வேலை கேட்டவளுடையது. அதிலும் ஒருவர் நின்றுகொண்டு, இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசும் இடங்களில், அந்த வேலை முழுக்க உட்கார்ந்திருப்பவருடையது என்றே நான் நினைக்கிறேன். ஆஸ்பத்திரி, வங்கி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ் எல்லாம் அதில் அடக்கம். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதை முறையாகக் கீழே சொல்கிறேன். உதாரணங்கள் இந்தக் கரையுடையவை. முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதலில், சொல் எந்தத் தொழிலில் நிற்கிறது என்று பாருங்கள்

நமக்குத் தெரியாத சொல் ஆபத்தில்லை, உடனே கேட்டுவிடுவோம். நமக்கு ஏற்கெனவே தெரிந்த சொல் வேறு பொருளோடு வரும்போதுதான் கால் இடறும். மடி என்றால் எனக்கு அம்மாவின் மடி. கரைவலை இழுப்பவர்களுக்கு அது வலையின் அடிப்பை, மீன் வந்து சேருகிற இடம். "மடி கிழிஞ்சு போச்சு" என்று ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தால் அன்றைய உழைப்பே போய்விட்டது என்று அர்த்தம். வாடி என்பது மீன் கொட்டகை. பாடு என்றால் எங்கள் ஊரில் கஷ்டம், "நான் பட்ட பாடு" என்போம். இங்கே "இன்னைக்குப் பாடு எப்படி?" என்றால் வலையில் மீன் எவ்வளவு என்று விசாரிக்கிறார்கள். பார் என்பது கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத்திட்டு. "அவுக பாருக்குப் போயிருக்காக" என்று ஒரு மனைவி சொன்னதைக் கேட்டு, புருஷன் குடிக்கப் போய்விட்டார் என்று முடிவுகட்டி, புதிதாக வந்த ஒருவர் அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடல் என்ற சொல்லே இங்கே ஒன்றில்லை. பாம்பனுக்கும் ராமேசுவரத்துக்கும் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள், அலையின் வேகத்தை வைத்து. மார்கழி வாடையில் வடகடல் கலங்கும், அப்போது தென்கடல் அடங்கியிருக்கும். ஆனி, ஆடியில் தெற்கத்திக் காற்று எழுந்தால் நிலைமை தலைகீழ். அதனால் "கடல் எப்படி இருக்கு?" என்று மொட்டையாகக் கேட்டால், "எந்தக் கடல்?" என்றுதான் பதில் வரும்.

பள்ளிக்கூடத்தில் குழூஉக்குறி என்று படித்தது நினைவிருக்கும். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துப் பேசுவது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்று சொல்வதைத்தான் உதாரணமாகக் கொடுப்பார்கள். ஆனால் மடியும் பாடும் யாரிடமும் மறைப்பதற்காக வந்தவை இல்லை. வேலையோடு வேலையாக வளர்ந்தவை. கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சொல்லை மட்டும் எழுதாதீர்கள், யார் எப்போது எதற்காகச் சொன்னார் என்று முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். என் நோட்டில் முதல் வரி "வாடை அடிக்குதுல்ல" தான்.

அப்புறம் காலண்டரைப் பாருங்கள்

"கடலுக்குப் போகல" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் ஒரு விசைப்படகுக்காரர் "கடலுக்குப் போகல" என்றால் அதில் செய்தி எதுவும் இல்லை. அதே ஆளை ஆகஸ்டில் கேட்டு அதே பதில் வந்தால் ஏதோ நடந்திருக்கிறது. காற்று பலமாக இருந்து மீன்வளத்துறை டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) கொடுக்கவில்லையா, வேலைநிறுத்தமா, இஞ்சின் கோளாறா, உடம்புக்கு முடியவில்லையா? வாக்கியம் ஒன்று, தேதி இரண்டு, அர்த்தமும் இரண்டு. அதையே ஒரு நாட்டுப்படகுக்காரர் மே மாதத்தில் சொன்னால் கணக்கு மறுபடி மாறும், ஏனென்றால் அவருக்குத் தடை கிடையாது.

தடைக்காலத்தில் கையில் காசு ஓட்டம் குறையும். அந்த மாதங்களில் "ஸ்கேன் அப்புறமா எடுத்துக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அலட்சியம் என்று எழுதிவிடாதீர்கள். "ஜூன் கழிச்சு எடுப்பமா, இல்ல இலவசமா எடுக்க வழி பாக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும்.

ராமேசுவரம் பக்கம் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. "புடிச்சுட்டாகளாம்." யார், யாரை, எதை என்று ஒன்றுமே இல்லை. மீன் மார்க்கெட்டில் காலையில் சிரிப்போடு சொன்னால் நல்ல மீன்பாடு. அதையே டீக்கடையில் குரலைத் தாழ்த்திச் சொன்னால், இலங்கைக் கடற்படை நம் படகைப் பிடித்துவிட்டது என்று பொருள். யாரும் எழுவாயைத் தேடமாட்டார்கள். "எத்தனை படகு?" என்பதுதான் அடுத்த கேள்வி. அந்த நேரத்தில் "என்ன மீன்?" என்று கேட்டுவிட்டால், அந்தத் தெருவில் உங்கள் பெயர் கெட்டுவிடும்.

யார், யாரை, எப்படிக் கூப்பிடுகிறார்கள்

இதில் வினைச்சொல்லின் வால்தான் வழிகாட்டி. கீழக்கரையில் இருந்து வந்த ஒரு பெண், "காக்கா கொண்டாந்து விட்டாங்க" என்றார். அங்கே இஸ்லாமியக் குடும்பங்களில் அண்ணனைக் காக்கா என்பார்கள். பறவையாக இருந்தால் 'விட்டுச்சு' என்று முடியும். இது 'விட்டாங்க' என்று மரியாதையோடு முடிகிறது. சொல் புரியவில்லை என்றாலும், ஒரு பெரியவரைப் பற்றிப் பேசுகிறார் என்பதை அந்த முடிவு காட்டிக்கொடுத்துவிடும். அதேபோல் இந்தப் பக்கத்து 'அவுக', 'வந்தாக', 'போனாக' எல்லாம் மரியாதை. பேச்சில் பெயரே வராமல் 'அவுக' என்று மட்டும் ஒரு அம்மா சொன்னால், பெரும்பாலும் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறார்.

கேள்வியா, விசாரிப்பா என்று பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும் நாள். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், குறைந்தது எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாது. காலையில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே போவேன். ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டு "ஆச்சு தாயி, நீங்க சாப்ட்டீகளா?" என்றார். "ஐயா, வெறும் வயித்துல வரச் சொன்னேனே" என்று கொஞ்சம் கடுப்பாகவே சொல்லி, மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆறு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தவர். வாசல் தாண்டும்போது பக்கத்தில் இருந்தவரிடம் சொல்கிறார், "பச்சத்தண்ணி பல்லுல படல. ரத்தம் எடுக்கமாட்டேங்குறாக."

அவர் பொய் சொல்லவில்லை. 'சாப்பிட்டாச்சா' என்பது நம் ஊரில் வணக்கம் மாதிரி. தெருவில் யார் கேட்டாலும் ஆச்சு என்பதுதான் மரியாதையான பதில். இல்லை என்று சொல்லிவிட்டால், சோறு போட வேண்டிய சங்கடம் கேட்டவருக்கு வந்துவிடும். நான் பரிசோதனைக் கேள்வி கேட்டேன், அவருக்கு அது நலம் விசாரிப்பாகப் போய்ச் சேர்ந்தது. ஓடிப்போய் கூப்பிட்டு வந்து உட்காரவைத்து ரத்தம் எடுத்தேன்.

மாலினோவ்ஸ்கி என்று போலந்தில் பிறந்த ஒரு மானிடவியலாளர். நியூ கினியாவை ஒட்டிய டிரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி, ஓடத்தில் போய் மீன்பிடிக்கிற மக்களோடு பழகி அவர்கள் மொழியைக் கற்றவர். அவர்கள் பேசியதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்தால் வெளியாளுக்கு ஒன்றும் விளங்காது, பேசிய சூழ்நிலையையும் செய்த வேலையையும் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும் என்று 1923ல் எழுதினார். செய்தி சொல்வதற்காக இல்லாமல், மனிதருக்கு மனிதர் ஒட்டுதல் வேண்டும் என்பதற்காகவே நடக்கும் பேச்சுக்கு ஒரு தனிப் பெயரும் கொடுத்தார். நலம் விசாரிப்பு அந்த வகைதான். மீனவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் ஒரு அறிஞருக்கு இது பிடிபட்டது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

இப்போது நான் முதலில் விசாரித்துவிடுவேன். "வாங்கய்யா, நல்லாருக்கீகளா?" பதில் வரட்டும். பிறகு குரலை மாற்றி, ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ரத்தம் எடுக்கப் போறேன். காலையில எந்திரிச்சதுல இருந்து டீ, காப்பி, வெத்தலை, எதாச்சும் வாயில போட்டீகளா?" என்பேன். எந்தெந்தப் பொருள் என்று பெயர் சொல்லிக் கேட்டால் அது விசாரிப்பாகத் தோன்றாது. டீயைச் சாப்பாட்டில் சேர்க்காதவர்கள் நிறையப் பேர், அதையும் மறக்கக்கூடாது.

சொல்லாமல் விட்டதைக் கேளுங்கள்

சில விஷயங்களை நேராகச் சொல்வதில்லை என்பது தமிழில் பழைய வழக்கம். நன்னூலில் மங்கலம், இடக்கரடக்கல் என்று இலக்கணமே இருக்கிறது. வீட்டில் விளக்கை அணை என்று சொல்லமாட்டோம், குளிர வை என்போம். கடலுக்குக் கிளம்புகிறவர் "போறேன்" என்று சொல்லமாட்டார், "போயிட்டு வர்றேன்". எதிரே வருபவரும் "எங்க போற?" என்று மறிக்கமாட்டார். வேண்டுமென்றால் "தூரமா?" என்பார்.

அந்தத் 'தூரம்' ஆஸ்பத்திரிக்குள் வந்தால் வேறு. "வீட்டுக்குத் தூரம்" என்றால் மாதவிலக்கு. "மருமக முழுகாம இருக்கா" என்று ஒரு மாமியார் சொன்னால் கர்ப்பமாக இருக்கிறாள் என்று பொருள். நகரத்தில் வளர்ந்த ஒரு இளம் டாக்டர் அதைக் குளிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, "தினமும் குளிக்கச் சொல்லுங்க" என்று அறிவுரை சொன்னார். நான் பக்கத்தில் இருந்ததால் அன்றைக்குத் தப்பியது. அந்தப் பெண்ணுக்கு ஒரு வலி மாத்திரையை, கர்ப்பத்தில் கொடுக்கக்கூடாத ஒன்றை, ஏற்கெனவே சீட்டில் எழுதியாகிவிட்டது. அடித்துவிட்டு வேறு எழுதினார்.

அடுத்தது 'சும்மா'. நாலு கிலோமீட்டர் வெயிலில் நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்து "சும்மாதான் தாயி, பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று ஒருவர் சொன்னால், அங்கே சும்மா என்பதற்குச் சும்மா என்று பொருளே இல்லை. அவசரப்படுத்தாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், பிரஷர் பாருங்கள். பெரும்பாலும் எழுந்து நின்று செருப்பைப் போடும்போதுதான் வந்த காரணம் வெளியே வரும்: "அப்புறம் தாயி, ஒன்னுக்குப் போகையில ரத்தமா வருது, அது ஒன்னும் இல்லையில்ல?" அந்தச் செருப்பு போடும் நிமிஷத்துக்காகக் காத்திருக்கப் பழகுங்கள். நான் அப்போது வேறு யாரையும் கூப்பிடமாட்டேன்.

'பாப்போம்' என்பது பெரும்பாலும் முடியாது என்பதன் மரியாதையான வடிவம். முகத்துக்கு நேரே மறுப்பது நமக்குப் பழக்கமில்லை. ஆனால் எல்லா நேரமும் அப்படி இல்லை. வீட்டில் முடிவெடுப்பவர் வேறு ஒருவராக இருந்தால், 'கேட்டுட்டுச் சொல்றேன்' என்பதும் பாப்போம் என்றுதான் வரும். இரண்டையும் பிரிக்க எனக்கு ஒரு வழி பலித்திருக்கிறது. "யார்ட்ட கேக்கணும்?" என்பேன். ஆள் பெயர் வந்தால் அது உண்மையான பாப்போம். பேச்சு காற்றுக்கும் மழைக்கும் தாவினால் மறுப்பு. மறுப்பு என்று தெரிந்தால் கோபப்படாமல் காரணத்தைத் தேடுங்கள்.

போனில் அனுப்பும்போது சூழலையும் சேர்த்து அனுப்புங்கள்

நேரில் பேசும்போது முகமும் கையும் பாதி வேலையைச் செய்துவிடும். வாட்ஸ்அப்பில் அது கிடையாது. இந்தக் கரையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் அதிகம். ஒரு அக்கா தன் தம்பிக்கு இப்படி அனுப்பினார்: "அப்பாவ மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க." ராமேசுவரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். ராமநாதபுரத்திலேயே 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள், ஆனாலும் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னால் கை மீறிவிட்டது என்றுதான் இங்கே காலங்காலமாக அர்த்தம். தம்பி அடுத்த விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார். நடந்தது என்ன? கண்ணில் புரை, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

அதனால் முடிவை முதலில் எழுதுங்கள். "அப்பா நல்லா இருக்காரு. கண் புரைக்கு மதுரைல ஆபரேஷன், அடுத்த வாரம். நீ வர வேண்டியதில்ல." வரிசை மாறினால் படிப்பவரின் நெஞ்சு ஒரு முறை நின்று ஓடும். 'நேத்து', 'அங்க', 'அவங்க' போன்ற சொற்களும் போனில் ஆபத்து. படிப்பவர் எப்போது படிப்பார், எந்த ஊரில் இருந்து படிப்பார் என்று தெரியாது. தேதி, இடம், பெயர் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சூழலை நம்பி விடாதீர்கள்

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள். ஒன்றும் இரண்டும் என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. எட்டு முதல் பத்து வரை பெரிய அபாயம். பதினொன்று இருப்பதிலேயே விசித்திரமானது. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதுதான் அதன் செய்தி. இனி என்னிடம் எதுவும் வராது என்பதைச் சொல்லக்கூட ஒரு எண் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கேட்பவர் யாராக இருந்தாலும் பொருள் மாறக்கூடாது என்று கவனமாகச் செய்த ஏற்பாடு அது. அப்படியும் ஒன்றாம் நம்பர் கூண்டு என்றால் இளைஞர்களுக்கு இன்றைக்கு டோக்கன் கிடைக்குமா என்ற கேள்விதான். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைச் சின்ன வயதில் பார்த்த பாட்டிக்கு அது வேறு. தலைப்புச் செய்தி கேட்டவுடன் பேரனுக்குப் போன் போடுவார்.

நான் கொடுக்கும் மாத்திரைச் சீட்டையும் இந்தக் கூண்டு மாதிரி ஆக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது ஒரு நாட்டுப்படகு அண்ணனால். சர்க்கரை மாத்திரை, "காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்று மாதமாகச் சர்க்கரை இறங்கவே இல்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், பொய்யில்லை. நாளை விரித்துக் கேட்டேன். மதியம் கிளம்பினால் ராத்திரி முழுக்க கடல். விடிந்து கரைக்கு வந்து, மீனைக் கொடுத்து, சாப்பிட்டுப் படுத்தால் மதியம்தான் எழுவார். அவருக்கு ராத்திரி என்பது வேலை நேரம். கரைக்கு வந்து சாப்பிட்டதும் காலை மாத்திரையைப் போட்டுவிடுவார். ராத்திரிச் சாப்பாடு வலைக்கு நடுவே ரெண்டு வாய்தான். மாத்திரை வீட்டு அலமாரியில் இருக்கும்.

டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றினோம். கடலுக்குக் கிளம்புமுன் வீட்டில் சாப்பிட்டு ஒன்று, கரைக்கு வந்து சாப்பிட்டு ஒன்று. அப்புறம் நான் எப்போதும் செய்கிற கடைசி வேலை, "புரிஞ்சுதா?" என்று கேட்காமல் இருப்பது. அதற்கும் ஆச்சு என்பதுதான் பதில். "அண்ணே, வீட்டுல மதினி கேட்டா எப்படிச் சொல்லுவீக? எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்பேன்.

அவர் மாத்திரை அட்டையைக் கையில் திருப்பிக்கொண்டே சொன்னார். "கெளம்பயில சாப்ட்டுட்டு ஒன்னு. கரைக்கு வந்து சாப்ட்டுட்டு ஒன்னு." கொஞ்சம் நிறுத்தினார். "சரி தாயி, காத்து பலமா அடிச்சு கடலுக்கே போகாத அன்னைக்கு?"

சீட்டைத் திரும்ப வாங்கி, கீழே இன்னொரு வரி எழுதிக் கொடுத்தேன்.